பழைய பொம்மை எஞ்சினுக்கு உதிரி உறுப்பு

லிவர்பூல் மாநகரின் பின்ஸ் சாலையில் 1914ஆம் ஆண்டு முதல் மெக்கானோ தொழிற்சாலை இயங்கி வந்தது. துளையிட்ட உலோகத் தகடுகளைத் திருகாணியால் இணைத்து விளையாடும் முறைக்கு 1901இல் காப்புரிமை பெற்ற பிராங்க் ஹார்ன்பி என்பாருடையது அது. 1920இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்கள் அங்கிருந்து வெளிவந்தன. அவர் 1936இல் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1938இல், 'ஹார்ன்பி டப்ளோ' எனும் சிறிய மின்சார ரயில்கள் பிறந்தன. முந்தைய ரயில்களின் தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர், இவற்றினுடையது 16.5 மட்டுமே. 1964இல் அந்நிறுவனம், டிரையாங் ரயில்களைச் செய்துவந்த லைன்ஸ் சகோதரர்கள் கைக்கு மாறியது. 1979 நவம்பரில் பின்ஸ் சாலை ஆலையின் கதவுகள் அடைபட்டன.

ஆலை மறைந்தது, எஞ்சின்கள் மறையவில்லை. பாட்டனார் ஓட்டியது இன்று பேரன் கையில் இருக்கிறது. அது ஒருநாள் நின்றுவிடுகிறது. செய்தவரே இல்லாத பொருளுக்கு உறுப்பு தேடுவது எங்ஙனம்? விளையாட்டுப் பொருள்தானே என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. இத்தேடலில் பணம் வீணாவது ஒருபுறமிருக்க, நல்ல எஞ்சின்கள் அழிவதும் நேர்மை பிறழ்வதும் உண்டு.

முதலில், உண்மையில் உறுப்பு வேண்டுமா என்று பார்த்தல் நலம். பல்லாண்டு பெட்டியில் கிடந்த எஞ்சின் ஓடாமைக்குப் பெரும்பாலும் காரணம், உறைந்து பிசினான பழைய எண்ணெயே. அதைத் துடைத்து, அச்சுகளில் ஒரு துளி புதிய எண்ணெய் இட்டாலே பல எஞ்சின்கள் உயிர் பெறும். அடுத்துத் தேய்வன கார்பன் பிரஷ்களும் அவற்றை அழுத்தும் சிறு சுருள் வில்களும். இவை இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன; விலையும் மிகுதியன்று.

காந்தத்தின் கதை வேறு. வலிமை குன்றிய காந்தமுடைய எஞ்சின் மெல்ல ஓடும். மின்சாரத்தை மிகுதியாக உண்டு சூடேறும். காந்தம் கெட்டது எனக் கருதி அதை எறிந்துவிட வேண்டுவதில்லை. மீண்டும் காந்தமேற்றித் தரும் பழுதுபார்ப்போர் இருக்கின்றனர். காந்தத்தின் நடுவே சுழலும் ஆர்மேச்சரை வெளியே எடுத்த கணத்திலேயே அந்தப் பழைய வகைக் காந்தம் தன் ஆற்றலில் ஒரு பங்கை இழக்கிறது. ஆகவே, அறிந்தவர்கள் ஆர்மேச்சர் வெளிவரும்போதே அவ்விடத்தை ஓர் இரும்புத் துண்டால் நிரப்புவர். ஆவல் மிகுதியால் ஐந்து முறை கழற்றிப் பார்த்தவரின் எஞ்சின், பழுதுபார்க்கத் தொடங்கிய நாளினும் மோசமாக ஓடும்!

இனி, இம்முயற்சியில் யாவரும் அஞ்சும் நோய்க்கு வருவோம். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எஞ்சின்களின் சட்டங்களும் சக்கரங்களும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டன. துத்தநாகம் தூயதாக இருந்தால் அவ்வார்ப்பு நூறாண்டும் நிற்கும். உருக்கும் கலத்தில் ஈயம் இம்மியளவு கலந்துவிட்டாலோ கேடு உள்ளேயே குடிபுகுந்துவிடும். காற்றின் ஈரம் பட்டு, உலோக மணிகள் ஒன்றோடொன்று சேருமிடமெல்லாம் அரிப்பு நடைபெறும். வார்ப்பு மெல்லப் பருக்கும், வளையும், வெடிக்கும். இறுதியில் ரொட்டித் துணுக்குப் போல் உதிரும். இதற்கு மருந்தில்லை. உலர்ந்த, வெப்பம் மாறாத இடத்தில் வைத்தால் கேடு தாமதிக்கும்; அவ்வளவே. ஒரே ஆண்டில் பிறந்த இரு எஞ்சின்களில் ஒன்று சிதைந்திருக்க, மற்றொன்று மாசின்றி நிற்பதும் உண்டு. எல்லாம் அன்று உருக்கிய கலவையைப் பொறுத்தது.

உறுப்பு தேடுவோர் இதிலிருந்து அறிய வேண்டியவை இரண்டு. நோயுற்ற சக்கரத்திற்கு மாற்றாக அதே வயதுடைய பழைய சக்கரத்தைத் தேடி வாங்கினால், நோயையும் சேர்த்து வாங்க நேரலாம். இங்கே புதிய வார்ப்பே மேல். மற்றொன்று, பருத்துப்போன சட்டம் நீளத்திலும் மிகுந்திருக்கும்; துளைகள் இடம் மாறியிருக்கும். அதை அளக்காமல் புதிய அச்சும் இணைப்புத் தண்டும் வரவழைத்தால் அவை பொருந்தா. குறை புதிய உறுப்பினுடையது என்று விற்றவரை வைவோர் பலர். குறையோ பழைய சட்டத்தினுடையது.

பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. இன்று ஹார்ன்பி எனும் பெயரில் விற்கப்படும் ரயில்கள் டிரையாங் மரபில் வந்தவை. தண்டவாள அகலம் ஒன்றாயினும் அவற்றின் உறுப்புகள் பின்ஸ் சாலை எஞ்சினுக்கு ஆகா. மாறாக, வேறு பெயர் தாங்கிய ரென் நிறுவனம் டப்ளோவின் பழைய அச்சுகளில் சிலவற்றைப் பெற்று 1990களின் தொடக்கம் வரை எஞ்சின்கள் செய்தது. அவற்றின் உறுப்புகள் பல பொருந்தும். டப்ளோவுக்குள்ளேயே ஒரு பிரிவுண்டு. தொடக்கத்தில் நடுவே மூன்றாவது தண்டவாளம் வழியே மின்சாரம் வந்தது; 1959இல் இரு தண்டவாள முறை புகுந்தது. முதல் வகையின் முழு உலோகச் சக்கரத்தை இரண்டாம் வகை எஞ்சினில் பூட்டினால், மின்சாரம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குக் குறுக்கே பாய்ந்துவிடும்.

உறுப்பு எங்கிருந்து வரும்? ஹார்ன்பி ரயில் சேகரிப்போர் சங்கம் 1969இல் தோன்றியது. உறுப்பினர்களுக்கென உதிரி உறுப்புப் பிரிவு ஒன்றையும் நடத்துகிறது. சிறு பட்டறைகளில் வார்ப்போரும், இந்நாளில் முப்பரிமாண அச்சுப்பொறியால் செய்வோரும் உளர். வேறொரு வழியும் வழக்கத்தில் உண்டு. அதை நாம் விரும்பவில்லை. ஓரளவு நன்றாக உள்ள எஞ்சினை வாங்கிப் பிரித்து, துண்டு துண்டாக விற்பது. முழுமையாக விற்பதைவிடத் துண்டுகள் கூடுதல் விலை தருமாம்! வார்ப்பு உதிர்ந்து எதற்கும் உதவாத எஞ்சினிலிருந்து பல்சக்கரத்தை எடுப்பது நியாயமே. ஓடக்கூடியதைப் பிரிப்பவர், ஒன்றுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று மற்றொன்றை முடித்துவிடுகிறார். இனி ஒருபோதும் செய்யப்படாத பொருளில் அந்த இழப்பை ஈடுசெய்ய யாராலும் இயலாது.

மற்றொரு குறையும் நம் கண்ணில் படுகிறது. புதிய உறுப்பு இட்டதையும் புது வண்ணம் பூசியதையும் சொல்லாமல், ஆலையிலிருந்து வந்தபடியே உள்ளது என்று விற்பது. சேகரிப்போர் மாறாத எஞ்சினுக்குப் பன்மடங்கு விலை தருவர்; ஆகையால் அந்த மௌனமும் பொய்யே. நேர்மையான பட்டறைகள் தாம் செய்யும் உறுப்பின் உட்புறத்தில், ஓடும்போது தெரியாத இடத்தில், சிறு குறி ஒன்றைப் பொறித்துவிடுகின்றன. அத்தகையோரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம் என்பது நம் கருத்து.

வீட்டிலேயே பழுதுபார்ப்போர் திருகாணியையும் கவனிக்க வேண்டும். பழைய பிரித்தானிய பி.ஏ. அளவில் அமைந்த துளையில் இன்றைய மெட்ரிக் திருகாணியை வலிந்து முடுக்கினால், உள்ளிருக்கும் புரி சிதைந்துவிடும். கழற்றிய பழைய உறுப்பைக் குப்பையில் இடாமல், எந்நாளில் எதற்கு மாற்றாக எது இடப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, இரண்டையும் எஞ்சின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுக. உதிரத் தொடங்கிய துத்தநாக வார்ப்பாயின் அதனை மட்டும் தனிப் பொட்டலத்தில் கட்டி வைப்பது வசதி. இல்லையேல் தூள் பெட்டியெங்கும் பரவிவிடும்.