சட்டம் இருக்கிறது, உடன் வர ஆளில்லை: இரத்தினபுரித் தோட்டங்களின் கேட்கப்படாத தேவை

மலையகத் தமிழரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சம்பளம், காணி, வீடு ஆகிய மூன்றும் முன்னுக்கு வருகின்றன. மூன்றும் நியாயமான கோரிக்கைகளே. இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைக் கவனித்து வருபவன் என்ற வகையில், நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பேன். பிரதேச செயலகத்துக்கோ பொலிஸுக்கோ போகும் எளியவரின் பக்கத்தில் நின்று அவருக்காகப் பேச, எவருக்கும் கடமைப்படாத ஒருவர் வேண்டும்.

நுவரெலியாவின் நிலை வேறு. அங்கு தமிழர் பெரும்பான்மையினர். வாக்குப் பலம் உண்டு. இரத்தினபுரியில் பத்தில் ஒருவர் அளவிலேயே தமிழர். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, நிவித்திகலை என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. அலுவலகத்தில் நிரப்பும் படிவமும் பொலிஸில் எழுதப்படும் முறைப்பாடும் பெரும்பாலும் சிங்களத்தில்தான். தன் பெயரில் என்ன எழுதப்பட்டது என்று தெரியாமலே பலர் கையெழுத்து வைக்கிறார்கள்.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அதிகாரிகளுடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. நீதிமன்றத்தில் அரசு செலவில் மொழிபெயர்ப்புக் கேட்க 24ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். வறியவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது. இவற்றையெல்லாம் தனியாகப் போய் நிற்கும் ஒரு மூதாட்டி எப்படிக் கேட்டுப் பெறுவார்?

இப்போது அவருக்காகப் பேசுபவர்கள் யார்? தோட்ட அலுவலகத்தின் எழுதுவினைஞர், தொழிற்சங்கத் தலைவர், அரசியல்வாதியின் இணைப்பாளர், காசுக்குப் படிவம் நிரப்பும் தரகர். இவர்களில் நல்லவர்கள் உண்டு. பலருக்கு உதவியும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறோர் எசமான் உண்டு.

பணிக்கொடையை எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் சட்டம். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் அந்த முறைப்பாட்டுக்குத் தேவையான சேவைப் பதிவு தோட்ட அலுவலகத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், செக்ரோலில் மூன்றாவது பெயர் என்றால் அதைச் சரிசெய்யவும் அங்குதான் போக வேண்டும். வழக்குக்கு உரிய எதிராளியிடமே உதவி கேட்கும் நிலை இது. தொழிற்சங்கமோ சந்தாவைத் தோட்ட நிர்வாகத்தின் கையால் பெற்றுப் பழகியது. தேர்தல் காலத்தில் அதற்கு வேறு கணக்குகளும் உண்டு.

வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்ணின் நிலை இன்னும் கடினம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவருக்காகப் பொலிஸாரே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். ஆனால் அடித்தவர் தோட்டத் தலைவரின் உறவினர் என்றால், அவரை பொலிஸுக்கு அழைத்துச் செல்லப் போவது யார்? மாற்றுத்திறனாளிகளும் பிள்ளைகள் கொழும்புக்குப் போனபின் லயத்தில் தனித்திருக்கும் முதியவர்களும் அஸ்வெசும மேன்முறையீட்டின் கடைசித் திகதியைக் கேள்விப்படுவதே அது கடந்த பிறகுதான்.

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் ஒரு தெளிவான விதியை வைத்திருக்கிறது. தன் விருப்பத்தைச் சொல்ல மிகவும் சிரமப்படுபவருக்கு, துணை நிற்க வேறு தகுந்தவர் இல்லையெனில், உள்ளூராட்சி அமைப்பு சுயாதீனமான ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். அவருக்குப் பராமரிப்பு வழங்கும் பணியில் உள்ளவர் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. அந்த நாட்டின் செல்வம் நம்மிடம் இல்லை. அந்த விதியின் நியாயத்தை எடுத்துக்கொள்ளச் செல்வம் தேவையில்லை.

உயர்தரம் படித்து இரு மொழியும் அறிந்த இளைஞர்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். சட்ட உதவி ஆணைக்குழு அவர்களில் சிலரைப் பயிற்றுவித்து, தோட்டமோ சங்கமோ கட்சியோ தராத ஒரு கொடுப்பனவை வழங்கலாம். கூடப் போவது, எழுதியதை வாசித்துக் காட்டுவது, பிரதி கேட்டு வாங்குவது, திகதியைக் குறித்து வைப்பது என்ற நான்கு வேலைகளே போதும். முடிவு எடுப்பவர் பாதிக்கப்பட்டவராகவே இருக்க வேண்டும்.

இது வடக்கில் உள்ளவர்களுக்குத் தொலைவான கதையல்ல. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் தாக்கப்பட்ட தோட்டங்களிலிருந்து வன்னிக்கு ஓடியவர்களில் இரத்தினபுரிக் குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குடியமர்த்தத் துணைநின்ற காந்தியம் அமைப்பின் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1983இல் கைதானார்கள். அதே ஆண்டு ஜூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் பின்னர் முள்ளிவாய்க்கால் வரை யுத்தத்தைச் சுமந்தார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தாய்மாருக்கு, தனியாகப் போவதற்கும் துணையோடு போவதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். எந்தக் கடிதத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வரலாம் என்பதெல்லாம் அவர்கள் பட்டுக் கற்றவை. இரத்தினபுரியில் ஒரு துணையணி உருவாகுமானால், அதன் முதல் ஆசிரியர்கள் அவர்களாக இருக்கலாம்.