இரண்டாவது புத்தகம்



போன மாதம் ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிற ஒரு சோப்புக் கம்பெனி, பக்கத்து ஊர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் இலவசமாகக் கொடுக்கிறதாம். "நீங்க கவிதையெல்லாம் எழுதுறவரு, வந்து நாலு வார்த்த பேசுங்க." கவுண்டரை விட்டு வெளியே போகக் கிடைப்பதே அபூர்வம். போனேன்.

பந்தல், பேனர், பேனரில் ஆளுயரத்துக்கு முதலாளியின் முகம். வெயிலில் காத்துக்கிடந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, புத்தகத்தை வாங்கியும் வாங்காமலும் பிடித்தபடி, போட்டோக்காரர் சரி என்கிற வரை அசையாமல் நிற்க வேண்டும். ஒரு பையன் இரண்டு தடவை வாங்கினான். முதல் தடவை சிரிக்கவில்லையாம்.

வழவழப்பான தாள், நல்ல அச்சு, பின்னட்டை முழுக்கச் சோப்பு. உள்ளே ஊஞ்சல் ஆடும் தாத்தா வீடு, கொலு, கோயில் தேர். ஊரைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றியும் ஒரு கதை. அதில் குப்பை அள்ளுகிறவருக்கு முதுகு மட்டும்தான் வரைந்திருக்கிறார்கள். அந்த முதுகு தன் அப்பாவுடையதாக இருக்கும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுமே, அதை யார் யோசித்தார்கள்?

மேடையில் இதைத் தர்மம் என்றார்கள். எது தர்மம்? 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, வருடம் 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழித்தாக வேண்டும். தன் சரக்குக்கு விளம்பர ஆதாயம் தேடிச் செய்கிற செலவு அதில் சேராது என்று 2021இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. பின்னட்டைச் சோப்பு எந்தக் கணக்கில் ஏறியது என்று மேனேஜர் கேட்கவில்லை. பேரேட்டோடு மல்லுக்கட்டுகிற நானும் கேட்கவில்லை. நாலு வார்த்தை பேசிவிட்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு வந்தேன்.

இங்கு மட்டுமில்லை இந்தக் கதை. 2012இல் இங்கிலாந்தில் மக்டொனால்ட்ஸ், குழந்தைகளுக்கான சாப்பாட்டுப் பெட்டியில் பொம்மைக்குப் பதில் புத்தகம் வைத்துக் கொடுத்தது. அதே வருடங்களில்தான் அங்கே உள்ளாட்சிகள் நிதியில்லை என்று பொது நூலகங்களை மூடிக்கொண்டிருந்தன.

நம்மிடம் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுவரி கட்டுகிற ஒவ்வொருவரும் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம், சேரிக்காரனும்தான். ஆக, அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பாக்கி இருக்கிறது. பாக்கியை யாராவது பொன்னாடையோடு கொடுப்பார்களா?

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையில் தொடங்கிய பத்திரிகைக்கு விலையே பெயராக இருந்தது: 'ஒரு பைசாத் தமிழன்'. பைசா கொடுத்து வாங்கியவன் எவன் கேமராவையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

அதற்காக, கொடுத்ததை வாங்காதே என்று பிள்ளைகளிடம் நான் சொல்ல மாட்டேன். நான் படிக்கக் கற்றதே பழைய பேப்பர் கடையில் எடைக்கு விழுந்த புத்தகங்களில்தான். அவற்றின் அட்டையில் எவர் முகம் இருந்ததென்று இப்போது ஞாபகம்கூட இல்லை.

போன வாரம் பாஸ்புக் பதிய வந்த அம்மாவோடு ஒரு சிறுமி வந்தாள். கவுண்டருக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "சார், அந்தப் பொஸ்தகத்த மூணு தடவ படிச்சிட்டேன். வேற இருக்கா?" பள்ளியில் மிச்சமானவை, கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டியிருக்கிறதாம். ஊர்த் தெருவில் இருக்கிற நூலகத்துக்குப் போனாயா என்றேன். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாஸ்புக்கைப் பார்த்தேன்.

மேசையில் செலான் கட்டும் வட்டி விகித அட்டையும் இருந்தன.

அடுத்த கிராம சபையில் இரண்டு கேள்வி வைக்கப் போகிறோம்: இந்த ஊரில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, காலனிக்குள் நூலகம் எப்போது? கல்லூரித் தோழர்கள் கேள்விகளை எழுத்தில் கொண்டுவர வேண்டும். பீரோச் சாவி பற்றித் தலைமையாசிரியரிடம் நான் பேசுகிறேன்.