ஸ்மார்ட் போர்டு ரெடி... நாளைய ஆசிரியர் ரெடியா? பி.எட். படிப்பில் என்ன சிக்கல்?

அரசுப் பள்ளிகளுக்கு கருவிகள் வந்து இறங்குகிற வேகம் கொஞ்ச நஞ்சமல்ல. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டம், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79 ஆயிரம் பேருக்கு மேல் டேப்லெட் என்று பட்டியல் நீளமாகவே இருக்கு. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை செயற்கை நுண்ணறிவும் ரோபோட்டிக்ஸும் சொல்லித்தர 'டிஎன் ஸ்பார்க்' திட்டமும் வந்துவிட்டது.

சரி, இன்னும் இரண்டு வருஷத்தில் அந்த போர்டுக்கு முன்னால் நிற்கப்போகிற பி.எட். மாணவர் இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்கிறார்?

பாடத்திட்டம் என்ன சொல்லுது?

பேப்பரில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ. 2014ல் கொண்டுவந்த விதிமுறைகளால் பி.எட். இரண்டு வருஷப் படிப்பானது. தகவல் தொழில்நுட்பத்தை விமர்சனப் பார்வையோடு புரிந்துகொள்வது என்று ஒரு தனிப் பாடமே சேர்க்கப்பட்டது. இரண்டு வருஷத்தில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் களப்பயிற்சியும் கட்டாயம்.

நடைமுறை வேறு. பல கல்லூரிகளில் இந்தப் பாடம் ஒரு ரெக்கார்டு நோட்டு, ஒரு பவர்பாயின்ட், ஒரு செமினார் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் வேலைக்கு வாசலான 'டெட்' தேர்வைப் பாருங்கள். 150 கேள்வி, எல்லாமே கொள்குறி வகை. குழந்தை வளர்ச்சி, மொழி, ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் உண்டு. ஒரு வீடியோவை எந்த நிமிஷத்தில் நிறுத்தி கேள்வி கேட்பது என்பதை அப்படிப்பட்ட தேர்வு சோதிக்க வழியில்லை. சோதிக்காததை மாணவர் எதுக்குப் படிக்கணும்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பி.எட். படித்தவர்களுக்கு 'மைக்ரோ டீச்சிங்' என்றால் தெரியும். ஒரு திறனை மட்டும் எடுத்து, ஐந்து, பத்து நிமிஷம் சக மாணவர்கள் முன்னால் நடத்திக் காட்டி, குறை கேட்டு, திரும்ப நடத்துவது. அதில் கரும்பலகை பயன்படுத்தும் திறன் என்று ஒன்று உண்டு. எழுத்து எந்த அளவில் இருக்கணும், எங்கே நிற்கணும், எப்போது அழிக்கணும் என்று அணு அணுவாகப் பழக்குவார்கள். சாக்பீஸுக்கு இருக்கும் இந்த அக்கறை ஸ்மார்ட் போர்டுக்கு இன்னும் வரவில்லை.

வடக்குப்பட்டு பக்கம் ஒரு வகுப்பு

காஞ்சிபுரம் மாவட்டம், ஒரகடம் அருகே இருக்கும் ஊர் வடக்குப்பட்டு. சுற்றுவட்டாரம் முழுக்க ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள். இந்த ஊரில் 2022ல் இந்திய தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சுமார் 12 ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை என்று சொல்லப்பட்ட கற்கருவிகள், ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், தங்க அணிகலன்கள் எல்லாம் வெளியே வந்தன.

இந்தப் பகுதிப் பள்ளி ஒன்றுக்கு ஒரு பி.எட். மாணவி களப்பயிற்சிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு சமூக அறிவியல், 'மனிதர்களின் பரிணாம வளர்ச்சி' பாடம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018லிருந்தே கியூஆர் கோடு இருக்கு. போனை நீட்டினால் திக்‌ஷா தளத்து வீடியோ ஓடும். பிள்ளைகளும் அமைதியாகப் பார்ப்பார்கள். பெல் அடிக்கும். 'டெக்னாலஜி பயன்படுத்தப்பட்டது' என்று ரெக்கார்டில் எழுதிவிடலாம்.

அதே போர்டில் அவர் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பள்ளிக்கூடத்தையும் தோண்டிய இடத்தையும் காட்டலாம். நடுவில் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளையே அளக்கச் சொல்லலாம். கற்கருவி படத்தைப் பெரிதாக்கி, 'இதில் எந்தப் பக்கம் கூர்? எதை வெட்டியிருப்பாங்க?' என்று கேட்கலாம். கல்லில் கருவி செய்தவர்கள் வாழ்ந்த அதே மண்ணில் இன்றைக்கு ரோபோ கை காருக்கு வெல்டிங் அடிக்கிறது, அங்கே வேலைக்குப் போகிறவர் அந்தப் பிள்ளையின் அப்பாவாகவே இருக்கலாம். பாடம் எங்கேயோ இருந்து தெருவுக்கு வந்துவிடும்.

இரண்டு வகுப்பிலும் கருவி ஒன்றுதான், இன்டர்நெட் ஒன்றுதான். எதைக் காட்டுவது, எப்போது நிறுத்துவது, என்ன கேட்பது என்ற முடிவுதான் வேறு.

இந்த முடிவெடுக்கும் திறனுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'டிபேக்'. அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த பூண்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் 2006ல் முன்வைத்தது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் தனித்தனியாக இருந்தால் போதாது, மூன்றும் சேரும் இடத்தில்தான் நல்ல வகுப்பு நடக்கும் என்பது சாரம். கம்ப்யூட்டரைத் தனிப் பாடமாக வைத்து, வரலாறு கற்பிக்கும் முறையை வேறு பாடமாக வைத்தால் இந்தச் சேர்க்கை நடக்காது. நம்ம பி.எட். சிக்குவது சரியாக இங்கேதான்.

எப்போது அணைத்து வைக்க வேண்டும் என்பதும் இதே திறனில் அடக்கம். விதை முளைப்பதை அனிமேஷனில் காட்டுவதைவிட ஈரப் பஞ்சில் நாலு பச்சைப்பயறு போட்டு ஜன்னலோரம் வைப்பது எவ்வளவோ மேல். அதுவே, இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை தமிழ் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆப் அந்த நிமிஷத்துக்குப் பெரிய உதவி.

களப்பயிற்சியில் எதைப் பார்க்கிறார்கள்?

பயிற்சிக்குப் போகும் மாணவர் அங்கே இருக்கும் ஆசிரியரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். அந்த ஆசிரியர் கையில் போன் எதற்கு இருக்கு? வருகைப் பதிவு, எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது, 'எண்ணும் எழுத்தும்' மதிப்பீட்டைப் பதிவது. எமிஸ் வேலைச்சுமைக்கு எதிராக ஆசிரியர் சங்கங்கள் பலமுறை குரல் கொடுத்திருக்கின்றன. 2023ல் பாட வீடியோக்களோடு 'மணற்கேணி' ஆப் வந்தது உண்மை. ஆனால் டேட்டா என்ட்ரி முடித்து மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் அதற்கு இடம். தொழில்நுட்பம் என்றால் மேலிடத்துக்குக் கணக்கு ஒப்பிப்பது என்ற பாடத்தைத்தான் புதியவர் கற்றுக்கொண்டு திரும்புகிறார்.

தமிழ்நாட்டுக்கு மட்டுமான கதை இல்லை இது. ஆசிரியர்களின் தகவல் தொழில்நுட்பத் திறனுக்கென தர அளவுகோல் வைத்திருப்பது உலக நாடுகளில் பாதிதான் என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொன்னது.

அடுத்து என்ன?

2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. புதிய வரைவு விதிமுறைகளை வெளியிட்டது. நான்கு வருஷப் பட்டம் அல்லது முதுகலை முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். மீண்டும் வருகிறது என்பது அதில் முக்கிய அம்சம். படிப்புக் காலம் பாதியானால் முதலில் கை வைக்கப்படுவது பெரும்பாலும் செய்முறைப் பாடங்களில்தான். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அதற்கேற்ப பாடத்திட்டத்தை மாற்றும்போது, மைக்ரோ டீச்சிங் பட்டியலில் ஸ்மார்ட் போர்டையும் ஒரு திறனாகச் சேர்க்க தனி நிதி எதுவும் தேவைப்படாது. பயிற்சிக் கல்லூரியில் ஒரு போர்டும், அதன் முன்னால் ஒவ்வொரு மாணவருக்கும் பத்து நிமிஷமும் இருந்தால் போதும்.