பாடியவர் பெயர் என்ன?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் இந்திய வம்சாவளி மாணவர்கள் ஒரு பாட்டுக்குழு தொடங்கினார்கள். பெயர் பென் மசாலா. கருவி கிடையாது, தாளம், சுருதி, பாட்டு எல்லாம் வாய்தான். இதை 'அ காப்பெல்லா' என்கிறார்கள். 2009 தீபாவளிக்கு வெள்ளை மாளிகையில் பாடினார்கள். 2015இல் 'பிட்ச் பெர்ஃபெக்ட் 2' படத்தில் தோன்றினார்கள். அடுத்தடுத்து வந்த மாணவர்களின் பாட்டும் ஒலிப்பதிவாக, படமாக, காணொளியாக இருக்கிறது. நல்லதுதான்.

காரைக்குடியிலிருந்து இதைப் பார்க்கும் எனக்கு ஒரு கேள்வி. கருவியில்லாமல் கூடிப் பாடுவது சிவகங்கைச் சீமைக்குப் புதிதா? நாற்று நடும்போது பாடினார்கள், கும்மி கொட்டிப் பாடினார்கள், இழவு வீட்டில் மாரடித்துப் பாடினார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். அந்தக் குரல்கள் எங்கே? படங்கள் எங்கே?

பறை தோல், தோல் தீட்டு என்று கருவிக்குச் சாதி சொன்னார்கள். தொண்டையில் என்ன தீட்டு? அதையும் விடவில்லை. ஆண்டை வீட்டு இழவுக்கு ஒப்பாரி வைப்பதைச் சேரிப் பெண்களின் கடமையாக்கினார்கள். பாட்டு வீட்டுக்குள் கேட்கலாம். பாடியவள் வாசலைத் தாண்டக்கூடாது.

ஆவணப்படுத்தும் மரபு இங்கே இல்லாமலில்லை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனிமனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. பெரும் தொண்டு அது. ஆனால் எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பாட்டில் எவ்வளவு அச்சுக்கு வந்தது, சேர்த்து வைப்பதற்கு? வானொலியும் சினிமாவும் தேடி வந்ததால் இதே மாவட்டத்தின் கொல்லங்குடி கருப்பாயியின் குரல் மிஞ்சியது. 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் பாடி நடித்தார்; 2025இல் மறைந்தார். மைக் எட்டிப் பார்க்காத ஊர்களில் பாடியவர்கள் சுவடின்றிப் போனார்கள்.

ஆகவே பதிவு செய்வோம். ஆனால் எப்படி என்பதில்தான் அரசியல் இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் படத்துக்குப் படம் கீழே சாதிப் பெயர் இருக்கும். நிற்கும் மனிதரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இன்று நம் கைப்பேசியில் எடுத்து 'கிராமத்துப் பெண்கள் பாடுகிறார்கள்' என்று போடுவதும் அதே வேலைதான்.

கல்லூரித் தோழர்களே, உங்கள் அப்பத்தாவிடமிருந்தே தொடங்குங்கள். முதலில் அவர் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதியுங்கள், தேதியைக் குறியுங்கள். பாட்டை யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார், கூலி என்ன என்று கேளுங்கள். அதுவும் பாட்டின் பகுதிதான். பதிந்ததை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். எதை வெளியிடலாம், சாதியைச் சொல்லலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நாமாக மறைத்து 'நாட்டுப்புறம்' என்று பொதுப்பெயர் வைத்தால் யாருடைய உழைப்பு என்பதே மறைந்துபோகும். காசு வந்தால் முதல் பங்கு அவருக்கு.

ஒப்பாரி பாட மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். கேமராவுக்காக அழுது காட்டச் சொல்லாதீர்கள். கூப்பிட்ட நேரத்துக்கு வந்து அழச் சொன்னவர்கள் ஆண்டைகள். ஒலிப்பதிவுக் கருவியோடு போகும் நாம் அவர்கள் இடத்தில் போய் நிற்கக்கூடாது.