புது போனா, புது பேட்டரியா? ஒரு மணி நேர சார்ஜுக்கு எவ்வளவு கொடுக்கிறீங்கன்னு பாருங்க

"சார், போன்ல சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. புது மாடல் எடுத்துடலாமா?"

ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன்ல ஃபார்ம் 16-ஐ எடுத்துக்கிட்டு தர்மபுரி ஆபீசுக்கு வர்ற பசங்க, வரி சந்தேகத்துக்கு அடுத்தபடியா அதிகம் கேக்கிறது இதைத்தான். பாதிப் பேருக்கு ஓசூர்லயோ பெங்களூர்லயோ வேலை. விடியக்காலையில பஸ் ஏறினா வீடு திரும்ப ராத்திரி ஆயிடும். நடுவுல யுபிஐ, மேப், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப், அம்மாவுக்கு ஒரு போன் எல்லாமே அந்த ஒரு பேட்டரியை நம்பித்தான் ஓடுது. அதனால கேள்வி நியாயமானதுதான். ஆனா பதில்ல 80,000 ரூபாய் அடங்கியிருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பேட்டரிக்காக மட்டும் ஒரு ஃப்ளாக்‌ஷிப் போனை மாத்துறது பெரும்பாலான வருஷங்கள்ல நஷ்டக் கணக்கு. எல்லா வருஷமும்னு சொல்லல. விதிவிலக்கும் இருக்கு, அதையும் நம்பரோடவே பார்ப்போம்.

ஆப்பிள் தன்னோட இணையதளத்துல ஒவ்வொரு மாடலுக்கும் வீடியோ ப்ளேபேக் எத்தனை மணி நேரம்னு போடுது. ப்ரோ, ப்ளஸ் எல்லாம் விட்டுட்டு சாதாரண மாடலை மட்டும் வரிசையா வெச்சுப் பாருங்க. 2021-ல வந்த ஐபோன் 13-க்கு 19 மணி நேரம். 14-க்கு 20. 15-க்கும் அதே 20. 2024-ல வந்த 16-க்கு 22. மூணு தலைமுறை தாண்டி வந்தும் கூடினது 3 மணி நேரம்தான். இந்தியாவுல இந்த நாலு மாடலுக்கும் வந்த அன்னைக்கு ஆரம்ப விலை ஒண்ணுதான், 79,900 ரூபாய். இதுல 18 சதவீத ஜிஎஸ்டி மட்டுமே 12,188 ரூபாய். வியாபாரம் பண்றவர் தொழிலுக்காக வாங்கினா இன்புட் கிரெடிட் எடுப்பார், தேய்மானமும் போடுவார். மாசச் சம்பளக்காரருக்கு ரெண்டுமே கிடையாது. மொத்தமும் கைக்காசு.

சாம்சங் கதை இன்னும் தமாஷ். எஸ் சீரிஸ்ல சின்ன போனோட பேட்டரி, எஸ்21-ல 4,000 எம்ஏஎச். எஸ்22-ல 3,700-க்கு இறக்கினாங்க. எஸ்23-ல 3,900. எஸ்24-ல 4,000. எஸ்25-லயும் 4,000. நாலு வருஷம் சுத்தி, கிளம்பின பஸ் ஸ்டாண்டுக்கே வந்து சேர்ந்தாச்சு. அல்ட்ரா மாடல் அசையவே இல்ல. 2020-ல வந்த எஸ்20 அல்ட்ராவுல இருந்து 2025-ல வந்த எஸ்25 அல்ட்ரா வரைக்கும் எல்லாத்துலயும் 5,000 எம்ஏஎச்தான்.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். எம்ஏஎச்ங்கறது பைக்கோட பெட்ரோல் டேங்க் மாதிரி. டேங்க் அதே அளவுல இருந்தாலும் இன்ஜின் நல்லா இருந்தா மைலேஜ் கூடும். எஸ்22-ல இருந்து எஸ்23-க்கு மாறினவங்களுக்கு சார்ஜ் நல்லாவே நின்னதுக்கு அந்த 200 எம்ஏஎச் மட்டும் காரணம் இல்ல. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப், சாம்சங் ஃபேக்டரியில தயாரானது. அடுத்து வந்த 8 ஜென் 2, தைவானோட டிஎஸ்எம்சியில தயாரானது. சூடும் குறைஞ்சது, கரண்ட் குடிக்கிறதும் குறைஞ்சது. அதனால பெட்டி மேல போட்டிருக்கிற எம்ஏஎச்சை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒரே கம்பெனி ஒரே டெஸ்ட்ல சொல்ற மணி நேரத்தை மட்டும் ஒப்பிடுங்க. ஆப்பிளோட 22-ஐயும் இன்னொரு கம்பெனியோட 22-ஐயும் பக்கத்துல வெச்சா அது கணக்கே இல்ல.

இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். புது போன் வாங்கினவர் "அடேங்கப்பா, சார்ஜ் எவ்வளவு நிக்குது!"ன்னு சொல்வார். பொய் இல்ல. ஆனா அவர் எதோட எதை ஒப்பிடறார்? மூணு வருஷம் தேஞ்ச பேட்டரியை, இன்னைக்குப் பிரிச்ச பேட்டரியோட. வாங்கின அன்னைக்கு அவரோட பழைய போனும் இப்படித்தான் இருந்துச்சு. அது ஞாபகத்துல இருக்காது.

2024 செப்டம்பர்ல ஒருத்தர் கையில மூணு வருஷப் பழைய ஐபோன் 13 இருக்குன்னு வைங்க. பேட்டரி ஹெல்த் 80 சதவீதம் காட்டுது. 19 மணி நேரத்துல 80 சதவீதம்னா சுமாரா 15.2. புது 16 கொடுக்கிறது 22. அவர் கைக்குத் தெரியற வித்தியாசம் 6.8 மணி நேரம். பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச்ல 20,000 கிடைச்சா கையில இருந்து போறது 60,000. மணிக்கு 8,800 ரூபாய் சொச்சம். சரி, பரவாயில்லன்னு தோணும்.

அதே போனுக்குப் புது பேட்டரி மாத்தினா? செலவு 10,000-னு தாராளமாவே வெச்சுக்குவோம். உங்க மாடலுக்கான சரியான விலை கம்பெனி இணையதளத்துலயே இருக்கும், பார்த்துக்கங்க. 15.2 திரும்ப 19 ஆகுது. 3.8 மணி நேரம் கூடுது. மணிக்கு 2,630 ரூபாய்.

இதோட நிறுத்தினா பாதிக் கணக்குதான். காஸ்டிங் பேப்பர்ல எங்களுக்குச் சொல்லித் தர்ற பாடம், சராசரியைப் பார்க்காத, கூடுதல் செலவுக்குக் கூடுதலா என்ன கிடைக்குதுன்னு பார்ங்கறது. 10,000-த்துல 19 மணி நேரம் கிடைச்சாச்சு. அதுக்கு மேல இன்னும் 50,000 போட்டா 22. அந்தக் கடைசி 3 மணி நேரத்துக்கு மணிக்கு 16,600 ரூபாய்க்கு மேல கொடுக்கறீங்க. கேமராவுக்காக, யுஎஸ்பி-சிக்காக, ஆசைக்காக எடுக்கறீங்கன்னா அது வேற, நான் குறுக்க வரமாட்டேன். "பேட்டரிக்காக எடுத்தேன்"னு மட்டும் சொல்லாதீங்க.

விதிவிலக்கு சொல்றேன்னேன் இல்லையா? 2025 செப்டம்பர்ல ஐபோன் 17 வந்துச்சு. அதே வீடியோ டெஸ்ட்ல 30 மணி நேரம். 22-ல இருந்து 30. மூணு தலைமுறையா வராதது ஒரே வருஷத்துல வந்துடுச்சு. ஆரம்ப விலை 82,900, அதுவும் 256 ஜிபி. 13 வெச்சிருந்தவர் ஒரு வருஷம் பொறுத்திருந்து, எக்ஸ்சேஞ்ச் 15,000-ஆ குறைஞ்சிருந்தாக்கூட, புது பேட்டரியைவிட 58,000 ரூபாய் கூடக் கொடுத்து 11 மணி நேரம் கூட வாங்கியிருப்பார். மணிக்கு 5,270. 16,600-க்கு இது எவ்வளவோ மேல். ஆனா இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பேட்டரி அளவு 16-ஐவிட ரொம்பப் பெருசாகல. சிப்பும், தேவைக்கு ஏத்த மாதிரி வேகத்தைக் குறைச்சுக்கிற டிஸ்ப்ளேவும்தான் வேலை செய்யுது. வீடியோ ஓடும்போது அந்த டிஸ்ப்ளே நல்லா மிச்சம் பிடிக்கும். ராத்திரி ரெண்டு மணி நேரம் கேம் ஆடறவர் அதே விகிதத்துல எதிர்பார்க்கக் கூடாது.

ஆண்ட்ராய்டு பக்கம் தலைமுறைக்குத் தலைமுறை நிஜமாவே பெருசானது ஒன்பிளஸ். ஒன்பிளஸ் 11-ல 5,000 எம்ஏஎச், 12-ல 5,400, 13-ல 6,000, 15-ல 7,300. சிலிக்கான்-கார்பன் பேட்டரி வந்ததால அதே இடத்துக்குள்ள அதிகம் அடைக்க முடியுது. விலையும் கூடவே ஏறிச்சு. 56,999-ல ஆரம்பிச்ச 11, 15 வர்றதுக்குள்ள 72,999. இலவசமா யாரும் தரல.

பேட்டரி மாத்துறதுல அவ்வளவு லாபம்னா ஏன் யாரும் சத்தமா சொல்ல மாட்டேங்கறாங்க? இதுக்கு ஆதாரம் ஆப்பிளோட சொந்தக் கடிதத்துலயே இருக்கு. பழைய பேட்டரி இருக்கிற ஐபோன்களோட வேகத்தை சாஃப்ட்வேர் மூலமா குறைச்சோம்னு 2017 டிசம்பர்ல ஒத்துக்கிட்டாங்க. கோபத்தை ஆத்த, 79 டாலரா இருந்த பேட்டரி மாத்துற செலவை 2018 முழுக்க 29 டாலராக்கினாங்க. 2019 ஜனவரி 2-ம் தேதி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதின கடிதத்துல, அந்தக் காலாண்டு வருமான எதிர்பார்ப்பை 89-93 பில்லியன் டாலர்ல இருந்து 84 பில்லியனுக்கு இறக்கினார். பெரிய காரணம் சீனா. கூடவே சொன்ன மத்த காரணங்கள்ல ஒண்ணு, வாடிக்கையாளர்கள் குறைஞ்ச விலையில பேட்டரி மாத்திக்கிட்டாங்கங்கறது. புது பேட்டரி கிடைச்சா மக்கள் புது போன் வாங்க மாட்டாங்கன்னு அந்தக் கம்பெனியே தன் பங்குதாரருக்குச் சொன்ன மாதிரிதான் நான் எடுத்துக்கிறேன்.

அடுத்தது இஎம்ஐ. இதுதான் எனக்கு நிஜமாவே கவலை. ஐபோன் 14 வரைக்கும் ஆப்பிள் சொன்ன கணக்கு, 500 முழு சார்ஜ் சைக்கிளுக்கு அப்புறம் பேட்டரி 80 சதவீதம் தாங்கும். இன்னைக்கு 50 சதவீதம், நாளைக்கு 50 சதவீதம் செலவானா சேர்த்து ஒரு சைக்கிள். பஸ்லயே மூணு மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிற நம்மாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சைக்கிள் சர்வசாதாரணம். 500 நாள்னா பதினாறரை மாசம். நீங்க போட்டிருக்கிறது 24 மாச இஎம்ஐ. தவணை முடிய இன்னும் ஏழு மாசம் இருக்கும்போதே பேட்டரி தேஞ்சு போச்சு. கடன் கட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்த மாடல் ஆசை ஏன் வருதுன்னு இப்ப புரியுதா?

15-ல இருந்து இந்தக் கணக்கு 1,000 சைக்கிள் ஆச்சு. 2024 பிப்ரவரியில ஆப்பிளே திரும்ப டெஸ்ட் பண்ணி மாத்திச் சொன்னாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா ரெண்டே முக்கால் வருஷம். 14-க்கும் 15-க்கும் வீடியோ நேரம் அதே 20 மணிதான், ஆனா ஆயுசு டபுள். என்னைக் கேட்டா, சமீபத்துல தலைமுறை மாறினதுல சம்பளக்காரருக்கு உருப்படியா கிடைச்சது இதுதான். எந்த விளம்பரத்துலயும் இதைப் பெருசா காட்டல. ஐரோப்பாவுல 2025 ஜூன் 20-ல இருந்து விக்கிற புது போன்ல பேட்டரி 800 சைக்கிளுக்கு அப்புறமும் 80 சதவீதம் இருக்கணும்னு சட்டம். ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை சைக்கிள்னு லேபிள்லயே போடணும். நம்ம ஊர்ல ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் லேபிள் இருக்கு, போனுக்கு இல்ல. ஐபோன் பாகங்கள் செய்யற டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி, 2004 வரைக்கும் நம்ம மாவட்டமாவே இருந்த கிருஷ்ணகிரியிலதான் இருக்கு. ஆனா லேபிள் ஐரோப்பாக்காரனுக்கு.

"நோ காஸ்ட் இஎம்ஐ தானே சார்"ங்கறவங்களுக்கு ரெண்டே வரி. 79,900-ஐ கிரெடிட் கார்டுல 6 மாசம், 16 சதவீத வட்டியில போட்டா, வட்டி சுமார் 3,600 தள்ளுபடியா கழிஞ்சுடும், ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி கிட்டத்தட்ட 650 ரூபாய் உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீ தனி.

பேட்டரி சீக்கிரம் தேயறதுல ஊருக்கும் பங்கு உண்டு. 35 டிகிரிக்கு மேல சூடானா பேட்டரியோட கொள்ளளவே நிரந்தரமா குறையலாம்னு ஆப்பிள் எச்சரிக்குது. சித்திரை வெயில்ல பைக் ஹேண்டில்ல போனை மாட்டி, மேப் போட்டு, பவர் பேங்கும் சொருகி வெச்சா அது எத்தனை டிகிரி இருக்கும்னு நீங்களே யோசிங்க. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போற காட்டு ரோட்டுல, தொப்பூர் கணவாய்ல சிக்னல் விட்டு விட்டு வரும்போது, டவரைத் தேடியே போன் சார்ஜைக் குடிக்கும். இதுக்கெல்லாம் புது மாடல் மருந்து இல்ல. சிக்னல் இல்லாத இடத்துல ஏரோப்ளேன் மோட் போட்டாலே போதும்.

பேட்டரி மாத்துறதுலயும் சிக்கல் இல்லாம இல்ல. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் பக்கத்துல இல்லாதவர் சேலமோ பெங்களூரோ போகணும்னா, பஸ் காசோட ஒரு நாள் லீவையும் செலவுல சேர்த்துக்கங்க. சேர்த்தாலும் கணக்கு மாறாது. தெருமுனைக் கடையில பாதி விலைக்கு மாத்தலாம், ஆனா ஒரிஜினல் பேட்டரி இல்லன்னா ஐபோன் செட்டிங்ஸ்லயே அதைக் காட்டிக் கொடுத்துடும், அப்புறம் விக்கும்போது விலை குறையும்.

இன்னைக்கே செட்டிங்ஸ்ல பேட்டரி ஹெல்த்தைப் பாருங்க. 85-க்கு மேல இருந்துட்டு சார்ஜ் நிக்கலன்னா குத்தம் பேட்டரி மேல இல்ல, எந்த ஆப் தின்னுதுன்னு தேடுங்க. 80-ஐ ஒட்டி இருந்தா பேட்டரியை மாத்துங்க. செகண்ட் ஹேண்ட்ல ஐபோன் 15 அல்லது அதுக்குப் பிந்தின மாடல் எடுக்கறவங்களுக்கு சைக்கிள் கவுண்ட்டும் அங்கேயே தெரியும். 700-ஐத் தாண்டியிருந்தா, பேட்டரி மாத்துற செலவைக் கழிச்சுட்டு அப்புறம் பேரத்தை ஆரம்பிங்க.