பெண் என்றால் 3 மார்க்கு 'கட்'!
கம்ப்யூட்டரை கூண்டில் ஏற்ற வக்கீல்கள் வேண்டும்

லண்டனில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரிக்கு வருடத்துக்கு சுமார் 2,500 பேர் இடம் கேட்டு மனு போடுவார்கள். அத்தனையையும் உட்கார்ந்து படிக்க ஆள் ஏது? அங்கிருந்த டாக்டர் ஒருவர் 1979-ல் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். 1982-ல் முதல் கட்டத் தேர்வு முழுவதும் அதன் கைக்குப் போனது.

கம்ப்யூட்டருக்கு ஆண் ஏது, பெண் ஏது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ வேறு.

பெயர் ஐரோப்பியப் பெயராக இல்லையா? 15 மார்க்கு வரை காலி. மனு போட்டவர் பெண்ணா? சராசரியாக 3 மார்க்கு அவுட்! இதனால் வருடத்துக்கு 60 பேர் வரை இன்டர்வியூவுக்கே கூப்பிடப்படாமல் போயிருக்கலாம் என்று 1988-ல் இனச் சமத்துவ கமிஷன் கண்டறிந்தது.

இந்தக் குணம் அதற்கு எங்கிருந்து வந்தது? தேர்வுக் குழுவில் இருந்த மனிதர்களிடம் இருந்துதான். அவர்கள் முன்பு செய்த தேர்வைப் பார்த்து எழுதிய புரோகிராம் அது. குழுவின் முடிவோடு 100-க்கு 90, 95 ஒத்துப்போனது. பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறது!

மனிதர் மனசுக்குள் கழித்த மார்க்கை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? புரோகிராமில் அது எழுத்தில் இருந்தது, மாட்டிக்கொண்டது. அதுவும், 1986 கடைசியில் கல்லூரி டாக்டர்கள் 2 பேர் கமிஷனிடம் போய்ச் சொன்னதால். இடம் கிடைக்காதவர்களுக்கு விஷயமே தெரியாதே, அவர்கள் எப்படிப் புகார் கொடுப்பார்கள்?

இன்றைய ஏ.ஐ. எந்திரங்களில் அப்படி ஒரு வரியில் எழுதியும் இருக்காது. அதற்கு அமெரிக்காவில் ஒரு பெண்மணி வழி காட்டினார்.

2020-ல் ஐடியூட்டர் குரூப் என்ற டியூஷன் கம்பெனிக்கு வேலைக்கு மனு போட்டார். தள்ளுபடி. பிறந்த தேதியை மட்டும் மாற்றி, வயதைக் குறைத்து அதே மனுவைத் திரும்பப் போட்டார். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்துவிட்டது! பெண்ணுக்கு 55, ஆணுக்கு 60 வயதானால் சாப்ட்வேரே தள்ளிவிடும் ஏற்பாடு என்பது அரசுத் தரப்பு புகார். வயதிலும் ஆணுக்கு 5 வருட சலுகை, பார்த்தீர்களா?

சம வேலைவாய்ப்பு கமிஷன் வக்கீல்கள் 2022-ல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். 2023-ல் 3 லட்சத்து 65 ஆயிரம் டாலர் கொடுக்க கம்பெனி சம்மதித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல்.

பெண்களின் சம உரிமைக்காக வாதாடக் கிளம்பும் இளம் வக்கீல்கள் பிடிக்க வேண்டியது இந்த ரூட்டைத்தான். 'பெண்கள் மனு போட வேண்டாம்' என்று இன்று பல கம்பெனிகள் விளம்பரம் கொடுப்பதில்லை. ஒரே மனுவை ஆண் பெயரில் ஒன்று, பெண் பெயரில் ஒன்று அனுப்பிப் பார்க்க வேண்டும். "புரோகிராமைக் காட்டு" என்று கோர்ட்டில் கேட்க வேண்டும். "தொழில் ரகசியம்" என்பார்கள். விடக்கூடாது.

சரி, ஃபீஸ் யார் கொடுப்பது? வேலை கிடைக்காதவரிடம் காசு ஏது? கணக்கு பார்க்க இன்ஜினீயர் வேறு வேண்டும். நியூயார்க்கில் வழக்கை நடத்தியது அரசு கமிஷன். அப்படிச் செலவு செய்ய ஆள் இல்லாத ஊர்களில் எந்த ஜூனியர் வக்கீல் இந்தக் கட்டைத் தொடுவார்?