தன் பெயரில் ஒரு நூல்



முன்பெல்லாம் கம்பளி நூல் வாங்கினால் அதில் பெரிய ஆலையின் பெயர்தான் இருக்கும். இன்று பின்னல் மாதிரிகளை உருவாக்கும் பெண்கள் பலர் தங்கள் சொந்த நூலையும் விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்களுள் ஸ்கொட்லாந்தில் வாழும் கேற் டேவிஸைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 2010இல், 36 வயதில், பாரிசவாதம் வந்து இடதுபக்கம் செயலிழந்தது. நடப்பதையும் கையை அசைப்பதையும் மீண்டும் பழக வேண்டியிருந்தது. பின்னல் ஊசியைப் பிடிப்பதும் அந்தப் பயிற்சியில் ஒன்றாயிற்று. பின்னர் பின்னல் மாதிரிகளை எழுதி விற்பதையே தொழிலாக்கினார். 2015இல் ஸ்கொட்லாந்து ஆடுகளின் கம்பளியில் தன் சொந்த நூலை வெளியிட்டார். கேலிக் மொழியில் அதன் பெயருக்கு 'இடையன்' என்று பொருள். மாதிரியை விரும்பியவர்களால் அதற்கேற்ற நூலையும் அவரிடமே வாங்க முடிந்தது. இரண்டின் வருமானமும் அவருக்கே.

அவருக்குக் கிடைத்த வைத்தியமும் வசதியும் நம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும், ஷெல் பட்டுக் கை வலுவிழந்த சகோதரி தினமும் பத்து நிமிடமாவது தனக்குப் பழக்கமான கைவேலையைச் செய்து பார்க்கலாம். வலித்தால் நிறுத்துங்கள், நாளைக்குத் தொடரலாம். விற்கும் பொருளில் சிறு துண்டுத் தாளில் உங்கள் பெயரை எழுதிக் கட்டிவிடுங்கள். வாங்கியவர் அடுத்த முறை உங்களையே தேடி வருவார்.